ஜீப்புக்குப் பூசிய களிமண்

எட்டாவதோடு படிப்பை விட்டு, ஊர் ஊராக வண்டி ஓட்டியவன் நான். அந்த ஐப்பசியில் ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு பழைய டீசல் ஜீப் ஓட்டினேன். மஸ்கட்டுக்கு முதல்முறை வேலைக்குக் கிளம்பிய சூசை அண்ணனைத் திருச்சி விமான நிலையத்தில் விட வேண்டும். வழியில் வாய்க்கால் உடைந்து, ரோட்டில் இடுப்பளவு தண்ணீர்.

என்ஜின் விசிறி தண்ணீரை வாரி அடிக்காமலிருக்க அதன் பெல்ட்டைக் கழற்றினேன். உள்ளே தண்ணீர் போகாதபடி, என்ஜின் காற்று இழுக்கும் வாயில் ஒரு ஹோஸைச் செருகிக் கூரைவரை உயர்த்திக் கட்டினேன். இணைப்பு தளர்வாக இருந்தது. பம்புசெட் குழாயில் காற்றுப் புகுந்தால் செய்வதுபோல் களிமண்ணை அப்பினேன்.

“தாங்குமாப்பா?” என்றார் அண்ணன்.

“பம்புசெட்டுக்கே தாங்குது, ஏறுங்கண்ணே.”

நடுத்தண்ணீரில் என்ஜின் நின்றுவிட்டது.

“பம்புசெட்டு ஒரே எடத்துல நிக்கும். நான் மஸ்கட் போவணுமேப்பா” என்றவர், பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி நடந்தார். அக்கரையில் ஒரு லாரி கிடைத்து, விமானத்தைப் பிடித்துவிட்டார்.

தண்ணீர் வடிந்த பிறகு மெக்கானிக் என்ஜினைப் பிரித்துப் பார்த்தார். “களிமண்ணு கரைஞ்சு ஃபில்டர அடைச்சிருக்கு. காத்து இல்லாம நின்னுருக்கு. அடைக்கலேன்னா தண்ணி உள்ள போயி என்ஜினே ஒடஞ்சிருக்கும்” என்றார். களிமண் கெடுத்ததா, காப்பாற்றியதா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இப்போதெல்லாம் ஹோஸ் இணைப்பைக் கிளிப் போட்டு இறுக்குகிறேன். பிறகு என்ஜினை ஓடவிட்டு, ஹோஸின் வாயை உள்ளங்கையால் பொத்துகிறேன். என்ஜின் திணறி நின்றால்தான் தண்ணீரில் இறங்குவேன். ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ காற்றுப் புகும் ஓட்டை இருக்கிறது, சுற்றுவழியில் போய்விடுவேன்.