பிள்ளைக்கு நைட்ரிக்

இந்த இங்கிலாந்தில் எதற்கெடுத்தாலும் நம்மிடம் சம்மதம் கேட்கிறார்கள். ஊசி போடலாமா, போர்வையை விலக்கலாமா, எல்லாவற்றுக்கும் ஒரு "ஓகேவா?" இலங்கையில் எங்கள் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் டொக்டர் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார், நம்மை யார் கேட்டார்கள்? கேட்காமல் விடுவதிலும் ஒரு நிம்மதி உண்டு என்று என் மகள் பிறந்த அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பிறந்ததும் அழுதாள், பிறகு நீலம் பாரித்துவிட்டாள். பிறந்தவுடன் விரிய வேண்டிய நுரையீரல் இரத்தக் குழாய்கள் அவளுக்கு இறுகியே கிடந்தனவாம். ஒக்சிஜனைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தும் பலனில்லை. டொக்டர் அம்மா என் கட்டிலருகே குனிந்து, "நைட்ரிக் கொடுக்கப் போகிறோம், ஓகேவா?" என்றார்.

நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நான் எஹலியகொடைப் பக்கத்து றப்பர் தோட்டத்து லயத்து வரிசைவீட்டில் பிறந்தவள். றப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை வேண்டாமென்று என் அண்ணன் இரத்தினபுரியில் நகைப்பட்டறைக்குப் போனார். அங்கே தங்கத்தின் மாற்றுப் பார்க்க ஊற்றுவது நைட்ரிக். ஒரு சொட்டுப் பட்டு அவர் விரல் மஞ்சளாகித் தோலுரிந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு நைட்ரிக் என்றால் அசிட்தான், வேறு நைட்ரிக் உலகத்தில் கிடையாது.

"அசிட்! அசிட்!" என்று கத்தினேன். டொக்டர் அம்மா வருத்தத்தோடு தலையாட்டினார். ஆமாம், பிள்ளையின் இரத்தத்தில் அசிட் ஏறிவிட்டது, அதனால்தான் அவசரப்படுகிறோம் என்றார். அடப் பாவி மனுஷி! நான் ஒன்று சொல்ல அவர் ஒன்று விளங்கிக்கொள்ள, அங்கே பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறாள். "நோ" என்றேன்.

வேலையிலிருந்த கணவர் போனை எடுக்கவில்லை. அண்ணனுக்கு அடித்தேன்.

"நைட்ரிக்கா? பிஸ்ஸு புடிச்சிருச்சா அவங்களுக்கு? பச்சப்புள்ள அது! வேணாம்னு சொல்லு புள்ள!" என்று அவரும் அழுதார்.

நைட்ரிக் என்றால் என்னவென்று நினைக்கிறாய் என்று டொக்டர் அம்மா கேட்டார். விரலைக் காட்டி, தோல் எரிவதுபோல் உரித்துக் காட்டினேன். அவருக்கு அப்போதுதான் விளங்கியது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: இது அசிட் இல்லை, நைட்ரிக் ஒக்சைட் என்ற வாயு. நம் இரத்தக் குழாயின் சுவரே இதைச் செய்கிறது. பக்கத்துத் தசைக்குள் இது நுழைந்தால் அங்கே சைக்கிளிக் ஜிஎம்பி என்ற ஒன்று உண்டாகி, இளகு என்று தசைக்குச் சொல்லும். பிள்ளைக்கு அது போதவில்லை, குழாய் வழியே மூச்சோடு கொடுப்போம். இப்போது உன் உடம்பிலும் அது இருக்கிறது என்றார்.

என் உடம்பிலா! ஐயோ, இதென்ன கூத்து என்று திகைத்துப் போனேன். விளங்கி ஒன்றும் சம்மதிக்கவில்லை. அவள் நீலம் இன்னும் கறுத்துக்கொண்டு போன பயத்தில்தான் "யெஸ்" என்றேன்.

முதலில் உதடு சிவந்தது, பிறகு காது. வாயுவைச் சட்டென்று நிறுத்தினால் இரத்தக் குழாய் மறுபடி இறுகிவிடுமாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைத்தார்கள். பிள்ளை தன் மூச்சைத் தானே விடத் தொடங்கியதும், நைட்ரிக்தான் காப்பாற்றியது என்று அண்ணனுக்குச் சொன்னேன்.

"பொழச்சிட்டால்ல, அது போதும் சாமி. ஆனா இங்க லயத்துல ஒக்சிஜன் குடுத்தாங்கன்னுதான் சொல்லிருக்கேன். நீயும் மாத்திச் சொல்லாத. பெத்த புள்ளைக்கு அசிட் குடுக்கச் சொன்னவன்னு ஒன்னயத்தான் பேசுவாங்க."

ஆகவே என் மகள் தோட்டத்தில் ஒக்சிஜனால் பிழைத்தவள், இங்கே நைட்ரிக்கால் பிழைத்தவள். எந்த ஊரில் எதைச் சொல்ல வேண்டும் என்று, அவளுக்குப் பேச்சு வந்ததும் நான்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.