உறவுமுறை என்ற கட்டம்

பல்செட்டு அக்கா என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். நாற்பத்தேழு வயது. அவள் வாயில் இருந்த முப்பத்திரண்டும் சொந்தப் பற்கள். நான்கு பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து, வீட்டின் பின்னறையில் மெழுகில் பல் பதித்து, வேகவைத்து, செட்டாக்கி அனுப்புவாள். யார் சிரித்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பாள். முதல் சந்திப்பிலேயே, "கீழ்வரிசையில ஒண்ணு கோணல்" என்று சொன்னதைக் கணவர் இன்றும் சொல்லிக்காட்டுவார்.

தேய்த்து மினுக்குவது அவள் வேலையல்ல. அதற்கு ஒருவர் இருந்தார், பத்து வயது மூத்தவர். இருவரும் இருபத்தோரு வருடம் ஒரே பல்செட்டுக் கூடத்தில், ஒரே மேசையின் இரு முனைகளில் இருந்தவர்கள். கூடத்தை மூடியபோது அவள் பாலிஷ் மோட்டாரை விலைக்கு வாங்கினாள். "மோட்டாருக்கு நான் இனாம்" என்று அவரும் கூடவே வந்துவிட்டார். அதற்கும் ஏழு வருடம் ஆகிவிட்டது. அவளுக்கு அவர் அண்ணன், அவருக்கு அவள் தங்கச்சி. மோட்டார் இரைச்சலில் அவருடைய காது பாதி போயிருந்தது.

மாடிவீட்டுக்காரர் அந்த இரைச்சலைப் பற்றித்தான் நகராட்சிக்கு எழுதிப் போட்டார். நோட்டீஸ் வந்தது. குடியிருப்புப் பகுதியில் வீட்டிலிருந்து தொழில் செய்ய அனுமதி வேண்டும். வீட்டுப் பரப்பில் கால் பங்குக்கு மேல் தொழிலுக்கு எடுக்கக் கூடாது. பெயர்ப்பலகை கூடாது. அந்த வீட்டில் வசிக்கும் குடும்பத்தினரைத் தவிர வெளியாள் யாரும் வேலை செய்யக் கூடாது.

அளவெடுக்க வந்த அதிகாரி டேப்பை இழுத்துக்கொண்டு பின்னறையில் நடந்தார். அவளும் சுவருக்குச் சுவர் பின்னாலேயே நடந்தாள்.

"போர்டு எதுவும் வைக்கலையே?"

"பல்லுக்கு எதுக்கு சார் போர்டு? டாக்டருங்க அனுப்புறாங்க."

அப்போதுதான் மினுக்குகிறவர் திரும்பாமலே கத்தினார். "தங்கச்சி, இந்தக் கீழ்செட்டு போதுமா, இன்னும் தேய்க்கணுமா?"

"போதும்ணே."

"அண்ணனா?" என்றார் அதிகாரி.

"ஆமா சார்." யோசிக்குமுன் வாய் சொல்லிவிட்டது.

"இங்கதான் இருக்காரா?"

"காலைல எட்டு மணிக்கெல்லாம் இங்கதான் இருப்பார்."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி காதில் எவ்வளவு விழுந்ததோ, எழுதிக்கொண்டார். "திங்கக்கிழமை ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடுங்க. அனுமதியைக் கையிலேயே வாங்கிட்டுப் போயிரலாம்."

அவர் கொடுத்துவிட்டுப் போன ஃபாரத்தின் நகலைப் பிறகுதான் படித்தாள். உறவுமுறை: அண்ணன். அதே வீட்டில் வசிப்பவரா: ஆம்.

"போட்டுத் தொலையேன்" என்றார் கணவர். "ஊருல எல்லாரும் அண்ணன் தங்கச்சிதான். பஸ் கண்டக்டர்கூட எனக்கு அண்ணன்தான்."

"கண்டக்டரை யாரும் ஃபாரத்துல எழுதல."

நகலின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. தகவல் பொய்யென்று தெரிந்தால் அனுமதி ரத்து. அதே முகவரிக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. மாடிவீட்டுக்காரர் தினம் எட்டு மணிக்கு பால்கனியில் நின்று பல் தேய்ப்பவர். அண்ணன் சைக்கிளில் வருவதும் ஆறு மணிக்குப் போவதும் அவருக்குத் தெரியாதா? அவள் மேசையில் உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், நகலை மடித்தாள், பிரித்தாள். மெழுகு ஆறிப்போயிருந்தது.

"என்ன தங்கச்சி, இந்த ஆளுக்கு ரெண்டு பக்கமும் இடதுபக்கப் பல்லா?"

பார்த்தாள். உண்மைதான். மெழுகைச் சூடாக்கிப் பிடுங்கினாள். ஃபாரத்தைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மூன்று நாளும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்து அம்மா ஃபாரத்தை அவள் பக்கம் தள்ளினாள். பேனாவை எடுத்தவள் கையெழுத்துக்கான இடத்துக்குப் போகாமல், 'அண்ணன்' என்பதை ஒரு கோடாக அடித்தாள். 'ஆம்' என்பதையும் அடித்தாள்.

"என்னம்மா இது, சொந்த அண்ணன் இல்லையா?"

"கூட வேலை பாக்குறவர்."

"அப்ப உங்க வீட்டுல அவர் வேலை செய்யக் கூடாதே."

"அவர் வீட்டுல செஞ்சா?"

"அது அவர் வீட்டுத் தொழில். அவர் தனியா ஃபாரம் போடணும். அதே கால் பங்குதான்."

கோடு அடித்த ஃபாரத்தின் நகல் இணைத்த அனுமதியோடு, அவருக்கென்று இன்னொரு ஃபாரத்தையும் வாங்கிக்கொண்டு வந்தாள். அவர் மோட்டாரை நிறுத்தி, கையைத் துடைத்து, இரண்டையும் நிதானமாகப் படித்தார்.

"அடிச்சிட்டியா?"

"ஆமாண்ணே."

"இன்னும் அண்ணேங்கிறே."

"வாய்க்கு அண்ணன்தான். ஃபாரத்துக்குத்தான் இல்ல."

அவர் மோட்டாரின் துணிச்சக்கரத்தை விரலால் சும்மா சுற்றிவிட்டார். அது நின்றதும் கேட்டார். "என் வீடே ஒரு ரூம். அதுல கால் பங்குன்னா மோட்டாரை வைக்கலாம். என்னை எங்க வைப்பே?"

அன்று மாலையே டேப்போடும் அவருடைய ஸ்டூலோடும் அவர் வீட்டுக்குப் போனாள். பத்தடிக்கு ஒன்பதடி. கால் பங்கு இருபத்திரண்டரை சதுர அடி. மோட்டார் மேசை, தண்ணீர்த் தட்டு, அவருடைய ஸ்டூல் எல்லாவற்றுக்கும் வேண்டியது இருபத்திநாலு. மறுபடி அளந்தாள். இருபத்திநாலு.

"கட்டிலைக் கொஞ்சம் தள்ளுங்க அண்ணி" என்றாள் அவர் மனைவியிடம்.

"கட்டிலைத் தள்ளினா ரூம் பெருசாயிருமா?" என்றபடியே அந்த அம்மாள் தள்ளினாள். மூன்றாம் முறையும் இருபத்திநாலுதான். அவள் டேப்பைச் சுருட்டினாள், இழுத்தாள், சுருட்டினாள்.

"ஸ்டூல் எவ்வளவு?" என்றார் அவர்.

"காலை நீட்டுற இடத்தோட ரெண்டு சதுர அடி."

அவர் ஸ்டூலைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார். மோட்டார் வரப்போகும் சுவருக்கு எதிரே நின்று, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, இல்லாத செட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த வயசுல நாளெல்லாம் நின்னுக்கிட்டாண்ணே?"

"உட்கார்ந்து போதும் போதும்னு ஆயிருச்சு. ஸ்டூல் போக அரை சதுர அடி மிச்சம். என் காலுக்கு ஆகுதா, இப்ப அள."

அவள் குனிந்து, அவர் பாதங்களைச் சுற்றி அளக்கத் தொடங்கினாள்.