ஸ்பீக்கரக்கா மெதுவாகச் சொன்னது

ஸ்பீக்கரக்காவுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்களோ தெரியாது. வைத்தவருக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பது மட்டும் நிச்சயம். மூன்றாவது மாடியில் நின்று "பால் வந்துடுச்சா?" என்று அவள் கேட்டால், அடுத்த தெருவில் யாராவது "வந்துடுச்சு" என்பார்கள். கட்டிக்கொண்ட மனுஷன் பாவம், வாயில்லாப் பூச்சி. வீட்டில் ஒருத்தர் பேசினால் போதாதா என்று விட்டுவிட்டார். ஒரே மகள் பேசப் பழகியதே "மெதுவாப் பேசும்மா" என்றுதான்.

அந்த மகள் இப்போது அம்மாவிடம் பேசுவதில்லை. ஸ்பீக்கரக்காவுக்கு இருக்கிற ஒரே குறை அது.

மகள் நர்ஸ். தனக்குப் பிடித்த பையனை, அவன் அப்பா அம்மாவோடு ஒருநாள் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். பையன் தொப்பி போட்டுக்கொண்டு வந்தான். உட்கார்ந்த பிறகும் கழற்றவில்லை. ஸ்பீக்கரக்கா சமையலறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, புருஷன் காதில் ரகசியமாகச் சொன்னாள்: "தொப்பியைக் கழட்டவே மாட்டேங்கிறானே, உள்ளே ஒரு முடி கூட இல்லை போலிருக்கு!" ரகசியம் என்றால் அவள் அளவுக்கு ரகசியம். வந்தவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். போனவர்கள் போனவர்கள்தான். மகள் ஒரு வார்த்தை திட்டவில்லை. மலைமேல் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். போன் வந்தால் அப்பாவுக்குத்தான் வரும். நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருந்தாலாவது பெற்றவளுக்கு மனசு ஆறியிருக்கும்.

மலைக்கு ஒழுங்கான ரோடு கிடையாது. மழை பெய்தால் இருக்கிற பாதையும் காணாமல் போய்விடும். மருந்து, தபால், மோட்டாருக்கு உதிரி பாகம் எல்லாம் அடிவாரத்து நிலையத்திலிருந்து ட்ரோனில் போகும். ஸ்பீக்கரக்கா அங்கே பெட்டி கட்டி ஏற்றுகிற வேலையில் சேர்ந்தாள். மகளுக்குப் போகிற பெட்டியையாவது தொட்டுக் கட்டலாமே என்கிற ஆசை, வேறென்ன?

அந்த ட்ரோன் ஆளில்லாமல் தானே பறக்கும். ஓடுபாதை எதுவும் வேண்டாம். நின்ற இடத்திலிருந்து லிஃப்ட் மாதிரி நேராக எழும்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் நேராக இறங்கும். கீழே ஆள் நின்றால் மட்டும் இறங்காது. அந்தரத்தில் நின்று பார்க்கும், பார்க்கும், பேட்டரி குறைந்ததும் சரக்கோடு திரும்பி வந்துவிடும்.

மலைமேல் உள்ளவர்களோ, அது வந்தாலே போட்டது போட்டபடி ஓடி வந்து அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். அதற்காகவே நிலையத்து இன்ஜினியர் அதில் ஒரு ஒலிபெருக்கி வைத்தார். தேன் குரல் உள்ள ஒரு பெண்ணைப் பேசவும் வைத்தார். "அன்பார்ந்த பொதுமக்களே, தங்கள் பாதுகாப்பைக் கருதி சற்றே விலகி நிற்குமாறு கேட்டுக்கொள்கிறோம்." அடடா, என்ன மரியாதை! அதைக் கேட்கவே இன்னும் பத்துப் பேர் கிட்டே வந்தார்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன தடுப்பூசி இரண்டு தடவை இறங்காமலே திரும்பி வந்தது.

இரண்டாவது தடவை, ட்ரோன் கேமரா அனுப்புகிற படத்தை நிலையத்துத் திரையில் போட்டிருந்தார்கள்; அந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்பீக்கரக்காவுக்குப் பொறுக்கவில்லை. மருந்துக்குக் காத்திருப்பது அவள் பெற்ற பெண்ணாயிற்றே.

"ஏய்! தலைக்கு மேல நாப்பது கிலோ தொங்குது, அடியில நின்னு வாயைப் பொளந்துக்கிட்டு என்ன வேடிக்கை? தள்ளுங்க! சுவரோரமாப் போங்க! அந்தப் புள்ளையை இறக்குய்யா முதல்ல!"

திரையில் யாரும் அசையவில்லை, அவர்களுக்கு எங்கே கேட்கும்? நிலையத்தில் இருந்த அத்தனை பேரும் சுவரோரமாகப் போய் நின்றார்கள். இன்ஜினியரும் நின்றார்.

"அக்கா," என்றார் மூச்சு வாங்க, "இதை அப்படியே மைக்கில ஒரு தடவை சொல்லுங்க. பதிவு பண்ணி ட்ரோன்ல போட்டுடறேன்."

ஸ்பீக்கரக்காவுக்கு முகம் வாடிவிட்டது. "எல்லா ஊருக்கும் போடுங்க தம்பி. அந்த ஆஸ்பத்திரிக்கு மட்டும் வேணாம்."

"ஊருக்கொரு குரல் வைக்க முடியாதுக்கா. தடுப்பூசி மறுபடியும் திரும்பி வந்தா பரவாயில்லையா?"

மைக் முன்னால் நின்று கத்தித் தீர்த்தாள். "பிரமாதம்! முடிஞ்சுது" என்று அவர் கம்பியைச் சுருட்டப் போனார். அவள் மைக்கையே பிடித்துக்கொண்டு, அதுதான் ட்ரோன் என்பது போல, தன் அளவுக்கு மெதுவாகச் சொன்னாள்:

"இந்தா பாரு, மேல ஆஸ்பத்திரியில என் பொண்ணு நர்ஸா இருக்கா. என் சத்தம் அவளுக்கு ஆகாது. அங்க மட்டும் கொஞ்சம் பதமாச் சொல்லு. வேளாவேளைக்குச் சாப்பிடுறாளான்னு கேட்டுட்டு வா."

மறுநாள் காலை ட்ரோன் கிளம்பியது. ஆஸ்பத்திரி முற்றத்துக்கு மேலே போய் நின்றது. திரையில் படம் மட்டும்தான், சத்தம் வராது. அடியில் நின்ற கூட்டம் சட்டென்று சிதறியது. தோளில் இருந்த குழந்தைகள் இறங்கின. ஒரு கிழவர் ஊன்றுகோலை மறந்துவிட்டு ஓடினார். நிலையத்தில் கைதட்டல்.

அப்புறம் ஒன்று நடந்தது. சுவரோரம் ஒதுங்கி நின்ற ஜனம் மொத்தமும் ஒரே பக்கம் திரும்பியது. அங்கே வாசற்படியில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு நர்ஸ் தனியாக நின்றாள்.

இன்ஜினியர் ஹெட்போனை மாட்டி, பதிவைப் போட்டுக் கேட்டார். முகத்தில் அசடு வழிந்தது. "அக்கா... கடைசியில நீங்க பேசினதையும் வெட்டாம அனுப்பிட்டேன்."

ட்ரோன் நல்லபடியாக இறங்கியது, தடுப்பூசியும் போய்ச் சேர்ந்தது. அதைப் பார்க்க ஸ்பீக்கரக்கா அங்கே இல்லை. சரக்கு அறையில் காலிப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அன்றைக்கு நாலு பேர் முன்னால் மானம் போனது, இன்றைக்கு ஒரு மலை முன்னால். இனி இந்த ஜன்மத்தில் பேசுவாளா?

சாயங்காலம் வீட்டில் அவள் வாயே திறக்கவில்லை. புருஷன் பயந்து போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அப்போது போன் அடித்தது. அவருடையது இல்லை, அவளுடையது.

"சாப்பிட்டேன்மா," என்றது மகளின் குரல். "ஊரே வந்து கேட்டுட்டுப் போகுது. ஆளுக்கொரு கிண்ணம் வேற கொண்டு வந்துட்டாங்க."

ஸ்பீக்கரக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கெடுத்துவிடக் கூடாது, இந்தத் தடவை கெடுத்துவிடவே கூடாது. போனைக் கையால் பொத்திக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக நிஜமாகவே மெதுவாகப் பேசினாள். "நல்லா இருக்கியாம்மா? என் மேல கோபமா?"

"அம்மா? ஒண்ணுமே கேக்கலையே. இங்க டவர் சரியா எடுக்காது. சத்தமாப் பேசும்மா."

"கோபமான்னு கேட்டேன்..."

"கேக்கலைம்மா! உன் குரல் எங்க போச்சு? சத்தமாப் பேசு!"

ஸ்பீக்கரக்கா ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள். மூச்சை இழுத்தாள். மகள் பேசிவிட்ட விஷயம் அடுத்த நிமிஷமே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.