வாழையைப் பார்க்க ஆள் வரவில்லை

இரண்டு வருடங்களுக்கு முன், ஆனி மாதத்தில் நடந்தது. கேரள எல்லையில் வெள்ளறடையில், வீட்டுக்குப் பின்னால் முந்நூறு ஏத்தன் வாழை, அதாவது நேந்திரன், வைத்திருந்தேன். மனைவி குவைத்தில் நர்ஸ். மூன்று வருடமாக ஊருக்கு வரவில்லை. அவள் சம்பளம் மகளின் பெங்களூர் படிப்புக்கே சரியாகிவிடும். வீட்டில் நான் மட்டும்தான். "இந்த ஓணத்துக்கு உனக்க டிக்கெட் என் வாழையிலயாக்கும்" என்று போனில் பெரிதாகச் சொல்லியிருந்தேன். பெண்டாட்டி சம்பளத்தில் சாப்பிடுகிறவன் என்று ஒருத்தன் கிண்டலடித்த ரோஷம்.

குலை முற்ற ஒரு மாதம் இருந்தபோது, ஒரு மத்தியானம் பத்தே நிமிடம் காற்று. பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. நான் பதறவில்லை. அதுதான் வாழைக்கு இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறேனே! தினமும் காலையில் குளித்து, சலவைச் சட்டை போட்டு, பிளாஸ்கில் சாயா ஊற்றி வைத்து, சேதத்தைப் பார்க்க வரப்போகும் அதிகாரிக்காகக் காத்திருந்தேன். விழுந்த குலைகளைக் கறிக்காயாக எடுக்க வந்த வியாபாரியையும் விரட்டினேன். "எலே, ஒண்ணுலயும் கை வைக்காத. ஆபீசர் வந்து எண்ணணும்." மனைவியிடம் மூச்சு விடவில்லை. ரோட்டில் ஆட்டோ சத்தம் கேட்டாலே எழுந்து நிற்பேன். சாயங்காலம் அந்த ஆறிய சாயாவை நானே குடிப்பேன். இப்படி ஒன்பது நாள். குலைகள் கறுத்து அழுகிவிட்டன.

பத்தாம் நாள் காலையில், இன்ஷூரன்ஸுக்குக் கையெழுத்துப் போட்ட விவசாய ஆபீஸான கிருஷிபவனுக்குப் போன் செய்தேன். அங்கிருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள். "மாமா, இது காலாவஸ்தை இன்ஷூரன்ஸாக்கும், மழை காத்து கணக்கு வச்சுள்ளது. காத்து அளக்குற மெஷின் உண்டு. அதுல பதிஞ்சா பணம் வரும். வாழையப் பாக்க ஆரும் வரமாட்டாவ." கையெழுத்துப் போட்ட அன்றும் இதையேதான் சொன்னார்களாம். நான் எல்லாம் தெரிந்தவன் போலத் தலையாட்டியிருக்கிறேன்.

யாரும் வரமாட்டார்கள் என்று கேட்டதும் அழுகை வந்துவிட்டது. மனைவிக்கு வீடியோ கால் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். "காட்டுங்க" என்றாள். ஒவ்வொரு வாழையாகப் போய்க் காட்டினேன். டியூட்டிக்குக் கிளம்பின யூனிபார்மோடு நின்று, கடைசி வாழைவரை பார்த்தாள்.

"சரி, நான் பாத்தாச்சு. இனி வெட்டிப் போடுங்க. சாயா இருந்தா குடிச்சிட்டு வெட்டுங்க."

மிச்சம் நின்ற வாழையில் கிடைத்த பணம் உரத்துக்கும் கூலிக்கும்தான் ஆயிற்று. மெஷினில் காற்று பதிந்திருந்ததால் இன்ஷூரன்ஸ் பணமும் வந்தது, ஓணம் போய்ப் பல மாதம் கழித்து. அந்த ஓணத்துக்கு அவள் வரவில்லை. இப்போதும் இன்ஷூரன்ஸ் எடுக்கிறேன், வாசித்துப் பார்த்துவிட்டு. ஆனால் காற்று பலமாக அடிக்கும்போதெல்லாம் அவள் "நான் பாத்தாச்சு" என்றதுதான் காதில் கேட்கிறது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஒன்பது நாளும் சலவைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது.