நாலு மணி நேரத்தில் வந்துவிடும் மகள்

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் நாலு மணி நேரம். இந்தக் கணக்கை எங்கள் தெருவுக்கே மனப்பாடம் செய்து வைத்தவள் என் அம்மா. "சென்னையிலேருந்து ஒங்க பையனுங்க வர்றதுக்கு ஆறு மணி நேரம் ஆவுது. எம்பொண்ணு நாலே மணி நேரத்துல வந்துரும்" என்று குழாயடியில் பெருமையடிப்பாள். நான் வருவதோ இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை.

அவள் இறந்தது ஒரு வெள்ளிக்கிழமை விடியலில். தம்பி போனில் அழுதான். பெரியப்பா வாங்கிப் பேசினார்.

"நாலு மணி நேரந்தானம்மா, கெளம்பி வந்துரு. எமகண்டத்துக்கு முன்னாடி எடுத்துடணும்."

"எறங்கி வெளிய வரணும், அப்பறம் கார்ல வரணும் பெரியப்பா. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"அதான் ப்ளேன்ல வர்றியே" என்றார்.

அவர்மீது கோபப்பட்டு என்ன செய்ய? அம்மா சொன்ன கணக்கைத்தான் அவர் சொன்னார்.

காலை விமானத்தில் இடம் கிடைத்தது. சொன்ன நேரத்துக்கு இறங்கியும் விட்டது. இமிகிரேஷன் வரிசைதான் நகரவே இல்லை. காரில் ஏறியதும் போனில் சிங்கப்பூர், திருச்சி என்று போட்டுப் பார்த்தேன். அதில் போட்டிருந்த தூரமும் நேரமும் ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொரு விமான நிலையத்துக்கு. எங்கள் வீட்டில் யாரும் விமான நிலையத்தில் சாவதில்லை.

பாடாலூர் தாண்டும்போது தம்பி கூப்பிட்டான். "எங்கக்கா வர்ற?" சொன்னேன். "தூக்கிட்டாங்கக்கா. நான் எவ்வளவோ சொன்னேன்" என்றான். பெரம்பலூரைக் கடந்து அரியலூர் சாலையில் திரும்பினால், முன்னால் சிமெண்ட் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. டிரைவரிடம் கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார்.

வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். வாசலெல்லாம் ஈரம். பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். உதறிவிட்டுத் தெருமுனைக்கு ஓடினேன். அங்கே நின்றால் ஏரிக்கு அந்தப் பக்கம் சுடுகாடு தெரியும். இன்னும் புகை எழவில்லை. கரையில் கால் வைப்பதற்குள் அத்தை என் கையைப் பிடித்தாள்.

"பொம்பளைங்க அங்க போவக் கூடாதும்மா."

"கடலத் தாண்டி வந்துட்டேன். இந்த ஏரியத் தாண்ட விட மாட்டீங்களா?"

அத்தை கையை விடவில்லை. அதற்குள் நாலு பேர் சேர்ந்து பிடித்திருந்தார்கள். அவர்களை வெறுத்தேன். அவர்களும் அழுதுகொண்டுதான் இருந்தார்கள்.

அப்போது போன் அடித்தது. தம்பி வீடியோவில் வந்தான். "அக்கா, மூடப் போறாங்க, பாத்துக்க" என்று போனைத் திருப்பினான். "மொகம் பாக்குறவங்கல்லாம் பாத்துக்குங்க" என்று யாரோ கூவியது ஏரிக்கு அப்பாலிருந்து காதில் விழுந்தது. ஒரு நொடி கழித்து அதே குரல் போனிலும் வந்தது.

திரையில் அம்மாவின் முகம் ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு வறட்டி வைத்து மூடினார்கள்.

இதை நான் சிங்கப்பூரில் உட்கார்ந்தே பார்த்திருக்கலாம்.