பென்சில் சீவிய பெண்ணும் பெயரில்லாத ஓவியனும்

இந்த நாட்டில் ஓவியம் பார்க்க வருகிறவர்கள் முதலில் ஓவியத்தைப் பார்ப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே இது எனக்குப் பிடிபட்டுவிட்டது. அறைக்குள் வருவார்கள், நேரே சுவரோரம் போவார்கள், குனிந்து படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்ன அட்டையை வாசிப்பார்கள். வரைந்தவரின் பெயர் அதில் இருக்கும். கேள்விப்பட்ட பெயர் என்றால் இரண்டடி பின்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்ப்பார்கள். கேள்விப்படாத பெயர் என்றால் அடுத்த அட்டைக்குப் போய்விடுவார்கள். கோயிலுக்குப் போனால் சாமியைப் பார்க்க முன்னம் சிலையைச் செய்தவர் யார் என்று நாங்கள் தேடுவோமா? எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் நீல நிறக் கோட்டுப் போட்டுக்கொண்டு மூலையில் நிற்கிற காவல்காரன் சிரிக்கக்கூடாது.

நாங்கள் ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் இருக்கிறோம். பக்கத்து நகரத்து மியூசியத்தில் எனக்கு வேலை. அதற்கு முன்னம் பதினொரு வருடம் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். இடுப்பில் நாரிப்பிடிப்பு வந்து, குனிய ஏலாமல் போனபோது இந்த வேலை கிடைத்தது. யாராவது படத்துக்குக் கிட்டப் போனால் 'அப்ஸ்டாண்ட், பிற்ற' என்று சொல்ல வேண்டும். தயவுசெய்து தள்ளி நில்லுங்கள் என்று அர்த்தம். வேறு பெரிய பேச்சு ஒன்றுமில்லை. நான் ஊரில் பத்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவன். ஆனால் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு விளக்குநர் வருவார். அவர் சொல்வதை அந்தப் பிள்ளைகள் ஒருமுறைதான் கேட்டார்கள். நான் நாலு வருடம் கேட்டேன். அதனால்தான் தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்ல என்னிடம் இது ஒன்று இருக்கிறது என்று நினைத்தேன். இதில் என் மகளின் கதையும் வருகிறது. துளசியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மியூசியத்தின் முதல் அறையில் பலகையில் வரைந்த ஒரு மாதா படம் இருக்கிறது. ஐந்நூறு வருடத்துக்கு மேல் பழையது. அதன் அட்டையில் பெயர் இல்லை. 'பெயர் தெரியாத கலைஞர்' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஓவியன் தச்சனைப் போல, செருப்புத் தைப்பவரைப் போல ஒரு தொழிலாளி. தேவாலயம் கேட்கும், அவன் வரைவான். மாதாவின் சேலைக்கு எந்த நீலம் பூச வேண்டும் என்பதுகூட அவன் விருப்பமில்லை, ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். இரண்டாவது அறையில் பிரபுக்களும் வியாபாரிகளும் மிருக ரோமக் கோட்டோடு நிற்கிறார்கள். அரண்மனை ஓவியனுக்குச் சம்பளம் உண்டு, மரியாதையும் உண்டு, ஆனால் பல இடங்களில் அவன் சமையற்காரரோடும் குதிரைக்காரரோடும் இருந்துதான் சாப்பிட்டானாம். மூன்றாவது அறைக்கு வந்தால் ஓவியன் தன்னுடைய முகத்தையே வரைந்து வைத்திருக்கிறான், கீழே பெரிதாகக் கையெழுத்தும் போட்டிருக்கிறான். நான் ஒரு ஆள் என்று சொல்கிற கையெழுத்து அது. நாலாவது அறையில் இருக்கிற படங்களை வரையச் சொல்லி யாருமே கேட்கவில்லை. ஓவியன் தன் மனம்போல வரைந்துவிட்டு, யாராவது வந்து வாங்குவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தான். விடுதலையும் பசியும் அவனுக்கு ஒரே வாசலால் வந்தன.

குதிரைக்காரரோடு இருந்து சாப்பிட்டான் என்று விளக்குநர் சொன்ன முதல் நாள் அந்தப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மாமாவின் கல்யாணம் ஞாபகம் வந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். அயலூரிலிருந்து வந்த நாதஸ்வரக் கோஷ்டி விடியப்புறத்திலிருந்து வாசித்தது. தவில்காரர் தனி ஆவர்த்தனம் வாசித்தபோது வாழைக்குலை தூக்கிக்கொண்டு போனவரும் அதை இறக்கி வைத்துவிட்டு நின்றார். ஆனால் பந்தியில் அவர்களுக்கு இடமில்லை. எல்லோரும் சாப்பிட்டு முடிந்த பிறகு, கொல்லைப்பக்கம் புறம்பாக இலை போட்டார்கள். அன்றைக்குப் பின்னேரம் நான் மர வாங்கில் உட்கார்ந்து விரல்களால் அந்தத் தாளத்தைத் தட்டிப் பார்த்தேன். அப்பா வந்து என் கையைத் தட்டிவிட்டார். "உது எங்கட வேலையில்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு நான் எதிலும் தாளம் தட்டவில்லை. இன்றைக்கு இங்கே கோயில் திருவிழாவுக்கு ஊரிலிருந்து தவில்காரர் வந்தால் பொன்னாடை போர்த்துகிறோம், பக்கத்தில் நின்று படம் எடுக்கிறோம். ஊரில் இலையைப் புறம்பாகப் போட்டதும் நாங்கள்தான்.

இங்கே உலகக் கிண்ணப் பந்தாட்டம் நடந்து முடிந்த அடுத்த வருடம், துளசிக்குப் பதினேழு வயது. எங்கள் சமையலறை மேசையில் இரண்டு கடதாசிகள் கிடந்தன. ஒன்று மூக்குக்கண்ணாடிக் கடையில் அவுஸ்பில்டுங் செய்வதற்கான ஒப்பந்தம். மூன்று வருடம் தொழிலும் பழகலாம், சம்பளமும் வரும். அந்த இடத்தை எடுக்க நானும் அவளும் ஏழு கடை ஏறி இறங்கினோம். மற்றது ஓவியமும் வடிவமைப்பும் படிப்பிக்கிற இரண்டு வருடப் பள்ளிக்கூடத்தின் விண்ணப்பம். அதை அவள் எங்களுக்குச் சொல்லாமல் எடுத்து வந்திருந்தாள். இரண்டுக்கும் பெற்றார் கையெழுத்து வேண்டும். இரண்டுக்கும் அடுத்த வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்.

"கண்ணாடிக் கடை எண்டால் குளிருக்குள்ள நிக்கத் தேவையில்லை, நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு வேலை செய்யலாம்" என்றாள் என் மனைவி யோகம். "படம் கீறிக்கொண்டு திரிஞ்சால் ஆர் சோறு போடுறது?"

"அம்மா, நான் சோறு கேக்கேல்லை. கையெழுத்துத்தான் கேக்கிறன்."

"வாயைப் பாருங்கோ இவளின்ர."

நான் என் பங்குக்கு, கீறுவதை ஞாயிற்றுக்கிழமைகளில் கீறலாம்தானே என்றேன். துளசி என்னுடைய நீலக் கோட்டைப் பார்த்தாள். அது கதவுக்குப் பின்னால் கொளுவியிருந்தது.

"அப்பா, நீங்கள் ஒவ்வொரு நாளும் காவல் காக்கிறது ஆரின்ர படங்களை? அவையின்ர அப்பாமாரும் வேண்டாம் எண்டுதானே சொல்லியிருப்பினம்?"

நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

அந்தக் கிழமைதான் மியூசியத்தின் கடைசி அறையில் கார்லா என்கிற கலைஞர் வந்து இருந்தார். நாற்பது வயதுப் பெண். அறையில் ஒரு மேசை, ஒரு கதிரை, பெட்டி பெட்டியாகப் பென்சில்கள். காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை அவர் பென்சில் சீவினார். கூராகச் சீவி வரிசையாக அடுக்குவார், அடுத்ததை எடுப்பார். சீவல்கள் மேசையிலும் நிலத்திலும் குவிந்துகொண்டே போயின. அந்தச் சீவல்களை யாரும் மிதிக்காமல் பார்ப்பது என்னுடைய பொறுப்பு. சுவரில் அட்டையும் இருந்தது. கார்லாவின் பெயரும், படைப்பின் பெயரும். படைப்பின் பெயர் 'வேலை'.

வீட்டில் யோகம் கேட்டாள்.

"என்ன செய்யிறா அந்த மனுசி?"

"பென்சில் சீவுறா."

"சீவிப்போட்டு?"

"அடுத்ததைச் சீவுறா."

"ஒண்டும் கீறமாட்டாவோ?"

"இல்லை."

யோகம் மகளின் அறைப்பக்கம் திரும்பி, "கேட்டனியே பிள்ளை? உதை நீ இஞ்ச வீட்டிலயே செய்யலாம்" என்றாள்.

புதன்கிழமை மத்தியானம் கார்லா சாப்பிடப் போயிருந்தார். என் நாரி வலித்தது. என்னுடைய கதிரையில், அறையின் மூலையில், கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். வயதான ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். வழக்கம்போல முதலில் அட்டையை வாசித்தார்கள். 'வேலை'. பிறகு மேசையைப் பார்த்தார்கள், சீவல்களைப் பார்த்தார்கள், வெறும் கதிரையைப் பார்த்தார்கள். கடைசியில் என்னைப் பார்த்தார்கள். இரண்டடி பின்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்கள். நான் கோட்டுப் பொத்தானைச் சரிபார்த்தேன். அந்த அம்மா மெல்லிய குரலில் கேட்டார்.

"இப்படி இருக்கும்போது எதைப் பற்றி யோசிக்கிறீர்கள் என்று கேட்கலாமா?"

வெள்ளைக்காரர் காவல்காரனிடம் கழிவறை எங்கே என்றுதான் கேட்பார்கள். இப்படி ஒருவரும் கேட்டதில்லை. நான் உண்மையைச் சொன்னேன்.

"என் மகளைப் பற்றி."

"எவ்வளவு காலமாக?"

"பதினேழு வருடமாக."

அந்த அம்மா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதரின் கண் கலங்கியிருந்தது. நன்றி சொல்லிவிட்டு, நித்திரைப் பிள்ளையின் அறையிலிருந்து வெளியேறுவதுபோல மெதுவாகப் போனார்கள். அவர்கள் கதவைத் தாண்டிய பிறகுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் என்னைத்தான் படைப்பு என்று நினைத்திருக்கிறார்கள்.

கார்லா வந்ததும் மன்னிப்புக் கேட்கும் குரலில் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "என்னிடம் அப்படி ஒருவரும் கேட்கவில்லை" என்றார். பிறகு, உங்கள் மகளுக்கு என்ன என்று கேட்டார். வீட்டு மேசையில் கிடக்கும் இரண்டு கடதாசியைப் பற்றியும் என் உடைந்த ஜெர்மனில் சொன்னேன். இதை வைத்துச் சீவியம் நடத்த முடியுமா என்றும் கேட்டேன். முடியாது என்றார், ஒளிக்காமல். கிழமையில் மூன்று நாள் விடியப்புறம் ஒரு பேக்கரியில் பாண் விற்கிறாராம். இந்தப் பென்சில்களைப் பார்க்கவும் சிலர்தான் வருகிறார்கள் என்றார்.

"உங்கள் அப்பா என்ன சொல்கிறார்?" என்றேன்.

"அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். அவர் வீடு இங்கேயிருந்து ட்ராமில் பத்து நிமிடம். இதுவரை இந்தப் பக்கம் வரவில்லை." ஒரு பென்சிலை எடுத்து அதன் கூர்முனையைப் பார்த்தார். "மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், பேக்கரியில் வேலை என்று சொல்வார். அது பொய்யில்லை."

மிச்ச நேரம் முழுவதும் அவர் சீவினார், நான் பார்த்தேன். சுரங்கத்துக்குள் இறங்கின அந்த மனிதரை நான் கண்டதில்லை, ஆனால் எனக்கு அவரைத் தெரியும். கோயிலில் யாராவது, மகள் என்ன செய்யிறா அண்ணை என்று கேட்டால் நானும் சுற்றி வளைத்து வேறு ஏதாவதுதான் சொல்வேன். என் பயம் சோற்றைப் பற்றியது என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதிலும் உண்மை உண்டு. ஆனால் அதற்கு அடியில் வேறொன்று கிடந்தது. வாங்கில் தாளம் போட்ட என் கையைத் தட்டிவிட்ட அப்பாவின் கை. அதை நான் விமானத்தில் கூடவே கொண்டு வந்திருக்கிறேன்.

முதல் அறை ஓவியனுக்கு வேலை இருந்தது, பெயர் இல்லை. கார்லாவுக்குப் பெயர் இருக்கிறது, வேலையைத்தான் அவர் அட்டையில் எழுதி ஒட்ட வேண்டியிருக்கிறது. முன்னம் ஊர் கேட்டது, ஓவியன் கொடுத்தான். இப்போது ஓவியன் கொண்டுவந்து வைக்கிறான், ஊருக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. அந்த வயதான அம்மா கேட்டதுபோல, எதைப் பற்றி யோசிக்கிறாய் என்று கேட்டிருக்கலாம். நான் என் பிள்ளையிடம் அதை ஒருநாளும் கேட்டதில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து தமிழில்தான். துளசி பார்த்துக்கொண்டு நின்றாள். "வடிவா யோசிச்சுத்தானே?" என்று அவள் என்னைக் கேட்டாள், நான் கேட்க வேண்டியதை. யோகம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், கண்ணாடிக் கடைக்காரருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கோ என்று தொடங்கினாள். நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, பிள்ளைகளே. முடிவு நல்லபடி வந்தது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். அவள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள். சனிக்கிழமைகளில் பேக்கரியில் நிற்கிறாள்.

கார்லாவின் கடைசி ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. நீலக் கோட்டு இல்லாமல், மனைவியோடும் மகளோடும் முன்வாசலால் உள்ளே போனேன். முதல் அறையில் எனக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. கால் தன்பாட்டில் மூலைக்குப் போனது. அங்கே என்னோடு வேலை செய்கிறவர் நின்றார், தலையை அசைத்தார். "அப்பா, நடுவில வந்து நில்லுங்கோ" என்றாள் துளசி.

மாதா படத்துக்கு முன்னால் யோகம் கைப்பையை என்னிடம் தந்துவிட்டுக் கைகூப்பிக்கொண்டு கிட்டப் போனாள். என்னை அறியாமல் "அப்ஸ்டாண்ட், பிற்ற" என்று சொல்லிவிட்டேன்.

"ஆருக்குச் சொல்லுறியள்?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

துளசி சுவரோரம் போய், குனிந்து, அட்டையை வாசித்தாள்.

"வரைஞ்சவரின்ர பேர் தெரியாதாம் அப்பா."

"அவரின்ர அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரு பக்கம் கும்பிடுகிறவள், மறுபக்கம் பெயரைத் தேடுகிறவள். நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு இருவருக்கும் நடுவில், காவல்காரனும் நிற்காத, பார்க்க வந்தவர்களும் நிற்காத ஓரிடத்தில் நின்றேன்.