ரேகை இல்லாத குடும்பம்

நான் ஏழாவது படித்த வருஷம், எங்கள் வீட்டில் உருப்படியான விரல் என் கையில் மட்டும்தான் இருந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை. ரேஷன் கடை மெஷினே ஒப்புக்கொண்ட விஷயம்.

அரூருக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் பப்பாளித் தோட்டம். பழத்துக்காக அல்ல, பாலுக்காக வைத்தது. விடியற்காலையில் அப்பாவும் அம்மாவும் சித்தப்பாவும் பச்சைக் காய்களில் பிளேடால் மெல்லக் கீறல் போடுவார்கள். மரத்தைச் சுற்றிக் கட்டிய பிளாஸ்டிக் தாளில் பால் சொட்டும். சுரண்டிக் கேனில் சேர்த்தால் கம்பெனி வண்டி வந்து எடுத்துப்போகும். கையுறை போட்டால் பிளேடு வழுக்குகிறது என்று மூவரும் கழற்றி எறிந்துவிடுவார்கள்.

பால் எங்கே போகிறது என்று கேட்டால் சித்தப்பா ஆளுக்குத் தகுந்த மாதிரி பதில் சொல்வார். குடிக்கிறவர்களிடம், "உங்க பீரு கலங்காம இருக்குதே, அது எங்க பாலாலதாங்க" என்பார். எனக்குச் சொன்னது வேறு. "ஆறாத புண்ணுக்கு மருந்து பண்றாங்க பாப்பா. அழுவுன சதைய தின்னு எடுத்துரும்." அவ்வளவு நல்ல பாலைத் தொட என்னை மட்டும் ஏன் விடவில்லை என்று எனக்கு மனத்தாங்கல். கீறல் போடும் நேரத்தில் தோட்டத்துப் பக்கம் தலை காட்டினாலே அம்மா விரட்டிவிடுவாள்.

அந்த வருஷம் போகியன்றுதான் பொங்கல் பரிசு வாங்கக் கடைசி நாள். பச்சரிசி, சர்க்கரை, முழுக் கரும்பு. பப்பாளி தின்றே நாக்கு மரத்துப்போன எனக்கு அந்தக் கரும்புதான் பொங்கலே.

அப்பா போய் மெஷினில் கட்டைவிரலை வைத்தார். ரேகை எடுக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் சொன்னபடி விரலைத் தலையில் தேய்த்துவிட்டு மறுபடி வைத்தார். வழுக்கைத் தலையில் எண்ணெய்க்கு எங்கே போவது? அம்மாவை வரவழைத்தார்கள். பத்து விரலையும் வைத்துப் பார்த்தாள். பிறகு சித்தப்பா. அதுவும் இல்லை. ஓடிபி வரவழைக்கலாம் என்றால், கார்டில் கொடுத்திருந்த போன் நம்பரும் எப்போதோ செத்துப்போயிருந்தது.

"திருடப் போனாக்கூட மாட்டமாட்டீங்க!" என்று வரிசையே சிரித்தது. கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"பாலு வெரலையே தேச்சுப்புட்டுதுங்க. மெஷினு என்னா பண்ணும்? கார்டுல பாப்பா பேரு இருக்குதே, சட்டுனு கூட்டியாங்க. மூடிட்டா அப்பறம் நானே நெனச்சாலும் ஆவாது" என்றார்.

சித்தப்பா மொபெட்டில் பறந்து வந்தபோது, பக்கத்து வீட்டு அக்காவின் தயவில் நான் பத்து விரலுக்கும் மருதாணித் தொப்பி போட்டுக்கொண்டு, அவள் ஊட்டிவிட்ட முறுக்கை மென்றுகொண்டிருந்தேன்.

"அடிப்பாவி! வூட்டுல இருந்ததே இந்தப் பத்து வெரலு. அதையும் மூடி வெச்சிட்டியா!"

தொட்டித் தண்ணீரில் என் கைகளை முக்கி, மாட்டைக் குளிப்பாட்டுகிற வேகத்தில் தேய்த்தார். பாதி சிவந்த விரல்களைக் காற்றில் தூக்கிப் பிடித்தபடி நான் வண்டியில் போனதை ஊரே பார்த்தது.

வரிசை விலகி வழிவிட்டது. கட்டைவிரலை வைத்தேன். மெஷின் ரொம்ப நேரம் யோசித்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கிர்ரென்று பில் வெளியே வந்தது. சித்தப்பா விசிலடித்தார். முன்பின் தெரியாதவர்கள்கூடக் கை தட்டினார்கள். எனக்கு அப்படியொரு சந்தோஷம் அதற்குப் பிறகு பரீட்சையில் பாஸானபோதும் வந்ததில்லை.

என்னைவிட உயரமான கரும்பை நானேதான் தோளில் சுமந்துகொண்டு நடந்தேன். "இனிமே என்னைக் கேக்காம இந்த வூட்டுக்கு ஒரு புடி அரிசி வராது" என்றேன். "சரிங்க மேடம்" என்று அப்பா நடுரோட்டில் கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, என் விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தன் கன்னத்தில் வைத்து மெல்லத் தேய்த்துப் பார்த்தாள். எனக்குக் கூசியது. கொஞ்சுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன்.

இப்போது கல்லூரியில் உயிர்வேதியியல் படிக்கிறேன். பப்பாளிப் பாலில் இருக்கிற, புரதத்தைக் கரைக்கும் நொதி இறைச்சியை மெத்தென்று ஆக்கும், புண்ணைச் சுத்தம் செய்யும் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதி மார்க்கும் வாங்கியாயிற்று. ஆனால் அம்மா அன்று வெறுமனே கொஞ்சவில்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. என் விரலில் அந்த வரிகள் எப்படி இருக்கின்றன என்று தடவிப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறாள். மரத்துப்போன விரலுக்கு அது தெரியாது. அதற்கு அவளிடம் கன்னம்தான் இருந்தது.